பத்து மணிச் சோறு

கண்ணு,

அமெரிக்காவிலிருந்து உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதலில் நலம் விசாரித்து நான்கு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று எட்டாவது வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. சண்டையை முதலில் போட்டுவிடுகிறேன், நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன். உன் அப்பா தோசைக்கல்லின் முன்னால் நின்றபடியே, "சரின்னா சரின்னு ஒரு வரி எழுது, வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி எழுது. அதுக்கு எதுக்கு இத்தனை காயிதம்?" என்கிறார். அவருக்கு எல்லாமே ஒரு வரிதான். நீலக் கடிதாசி வாங்கினால் இடம் போதாது என்று தெரிந்துதான் கோடு போட்ட தாளாக வாங்கி வைத்துக்கொண்டு, கடையில் கூட்டம் அடங்கிய இந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. ரோசாவின் அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது, இனி அடுப்பின் முன்னால் நிற்க முடியாது. அவர் நடத்திவந்த காப்பிக் கடையை நீயும் ரோசாவும் எடுத்து நடத்தலாமா என்று கேட்கிறாய். எடுத்தால் மிஷின் கம்பெனி வேலையை விட வேண்டும். புது வருஷம் பிறப்பதற்குள் கட்டிடச் சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். 'நீங்கள் சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன், அம்மா' என்று முடித்திருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஆவணி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு அது மட்டும் எப்படி விட்டுப்போனது? அன்று எல்லார் முன்னாலும் நீ என்னைக் கேட்ட கேள்வி இன்னும் பதில் இல்லாமல்தான் கிடக்கிறது. ஆகையால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அந்தக் கடையைப் பற்றி நீ எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தெருமுனையில் சின்னக் கடை. குளிர்காலத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிவார்களாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறந்தால் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் ஒரே சாப்பாடு. ரோசா வீட்டாரைப் போலவே பிலிப்பைன்சிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்து முடித்த நர்சுகள், மாதா கோயில் பூசை முடிந்து பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்கள், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரக் கிழவர்கள், எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்களாம். ஒரு தட்டில் பூண்டு போட்டு வறுத்த சோறு, முட்டை, இனிப்புச் சேர்த்த பன்றிக்கறி, பொரித்த கருவாடு. அடுத்த தட்டில் சர்க்கரைப் பாகு ஊற்றிய அமெரிக்கத் தோசை. சில பேர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிடுவார்களாம். காப்பி தீரத் தீரக் கேட்காமலே ஊற்றுவார்களாம். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் வருவதால் அதற்கு பிரஞ்ச் என்று தனியாக ஒரு பெயர் உண்டு என்று எழுதியிருக்கிறாய். நம் வேலம்பாளையத்தில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று பெயர். வாரம் முழுக்கப் பனியன் கம்பெனியில் நின்று வேலை பார்த்தவன், லீவு நாளில் வெயில் ஏறியபிறகு எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பத்து மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து, டிபனா சாப்பாடா என்று அவனுக்கே தெரியாமல் ஒன்று சாப்பிட்டுப் போகிறான். அவனுக்கு இலை போட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தோம்.

அதனால் காப்பிக் கடை நடத்துவது கேவலம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ பயந்து பயந்து எழுதியிருப்பது தெரிகிறது. இவ்வளவு படித்துவிட்டு மறுபடியும் எச்சில் டம்ளரா என்று கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறாய். அப்படிக் கேட்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்கத்தான் போகிறார்கள், அது அவர்கள் பாடு. என் பயம் வேறு. உனக்குக் கடை நடத்த வருமா என்பதுதான் என் பயம். சமைக்கக் கற்றுக்கொள்வாய், கணக்குப் பார்ப்பாய், கெட்டுப்போன மிஷினைப் பிரித்து மாட்டுவாய். ஆனால் ஒருத்தன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் அவன் எதிரே நிற்க உனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் ஆள் வரவில்லை என்று சாம்பார் வாளியை உன்னிடம் கொடுத்தேன். ஒரு ஃபிட்டர், "சாம்பார் ஊசிப்போச்சுங்களே" என்றான். வாளியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, பின்கதவு வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்துகொண்டாய். கூப்பிட்டும் வரவில்லை.

அதற்கப்புறம் உன்னை நான் வாளி தொடவே விடவில்லை. படிக்கிற பிள்ளை புகையில் நிற்க வேண்டாம் என்று மேலே தனி அறை ஒழித்துக் கொடுத்தேன். அது நான் செய்த முட்டாள்தனம். சாம்பார் ஊசவே இல்லை கண்ணு. அந்த ஃபிட்டர் வருஷக்கணக்காக அதையேதான் சொன்னான். மறுநாளும் வந்தான், இரண்டாம் தரமும் ஊற்றச் சொன்னான். அதைச் சொன்னால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். உன் அப்பா அவனைத் தூரத்தில் பார்த்தாலே, "ஊசுன சாம்பார் ரெடியா?" என்று உள்ளே கேட்பார். இதெல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும். நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் உன்னை மேலே அனுப்பிவிட்டேன்.

இப்போது ஆவணிக்கு வருகிறேன். உன் கல்யாணத்தை நாங்கள் போட்டோவில்தான் பார்த்தோம். கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். என் அண்ணன் மகள் உனக்குத்தான் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் பேசாமலே இருந்த பேச்சு அது, உனக்கும் தெரியும். அந்தப் பெண்ணை இப்போது தாராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறாள். அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. ரோசா வந்து இறங்கிய அன்று அவளை எப்படிப் பார்ப்பது, என்ன பேசுவது என்று ரயில் வரும்வரைக்கும் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். அவளோ நீ சொல்லிக்கொடுத்த நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போட்டு, கடைப் பூனையிடம்கூட "வாங்க" என்றாள். முதல் நாள் இலை போட்டோம். கரண்டி கேட்பாள் என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. விரல் நுனியால் சோற்றைக் குவித்து, கட்டைவிரலால் தள்ளி, உள்ளங்கையில் ஒரு பருக்கை ஒட்டாமல் சாப்பிட்டாள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று உன்னிடம் சொன்னாள். உன் அப்பா அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அண்ணன் வரவில்லை. அவர் பனியன் கம்பெனி நம் கடைக்கு அடுத்த சுவர். இங்கே தாளிப்பது அங்கே மணக்கும். அங்கே பின்னல் மிஷின் ஓடினால் இங்கே டம்ளர் ஆடும். புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்களைத் தாய்மாமன்தான் முதலில் விருந்துக்கு அழைக்க வேண்டும், அவர் அழைத்தபிறகுதான் மற்ற சொந்தக்காரர்கள் அழைப்பார்கள் என்பது நம் வழக்கம். அவர் அழைக்கவில்லை. ஆகவே ஒருவரும் அழைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நம் வீட்டையும் கடையையும் தவிர வேறெங்கும் கால் வைக்காமல் நாள் போய்க்கொண்டிருந்தது. உன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ரோசா ஒரு யோசனை சொன்னாள். அவர் அழைக்காவிட்டால் என்ன, நாம் அவரைச் சாப்பிட அழைப்போம், ஞாயிற்றுக்கிழமை என் அப்பா கடையில் போடுகிற மாதிரி நான் சமைத்துப் போடுகிறேன் என்றாள். மாமனை மருமகள் விருந்துக்கு அழைப்பது நம்மிடம் கிடையாது. இருந்தாலும் நான் போய் அழைத்தேன். அண்ணன் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், "வர்றேன் போ, அம்மிணி" என்றார். அவர் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் உறவு நிற்கும், இல்லாவிட்டால் அத்தோடு அற்றுப்போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கும் தெரியும். ரோசாவுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கருவாட்டையும் பன்றிக்கறியையும் அவளே விட்டுவிட்டாள். முருகனுக்கு மாலை போட்டிருக்கிற ஆட்கள் வருகிற கடை என்று நீ சொல்லியிருக்கிறாய். பூண்டுச் சோறும் முட்டையும் மட்டும் போதும் என்றாள். அதற்கு முதல் நாள் வடித்த சோறுதான் வேண்டுமாம், உதிரி உதிரியாக உலர்ந்து கிடக்க வேண்டுமாம், புதுச் சோறு குழைந்துவிடுமாம். சனிக்கிழமை சாயங்காலம் நீ வந்து, "சோத்துக்குத் தண்ணி ஊத்த வேண்டாமுங்கம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றாய். "செரி கண்ணு" என்றேன். அப்புறம் கடையைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, படுக்கப் போகும் முன் அடுக்களைக்குள் போனேன். சோற்றுக் குண்டான் இருந்தது, பக்கத்தில் சொம்பு இருந்தது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் நான் ஒரு நாளும் விளக்கை அணைத்ததில்லை. ஊற்றிவிட்டு, மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஊற்றினேன் என்பதே எனக்குத் தெரியாது.

காலையில் ரோசா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையில் மூடியோடு அப்படியே நின்றாள். நீ எட்டிப் பார்த்தாய். அதே நேரம் பார்த்து அண்ணன் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக உள்ளே வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீ என் பக்கம் திரும்பி, "வேணும்னே ஊத்துனீங்களா அம்மா?" என்று கேட்டாய்.

கண்ணு, உன்னை நான் எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன். ஆனால் உன்னை நாலு பேர் நடுவில் நிற்க வைத்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. உன் அப்பா தோசையைத் திருப்பாமல் கருகவிட்டார், அவர் வாழ்நாளில் கருகவிட்ட தோசை அது ஒன்றுதான் இருக்கும். அண்ணன்தான் பேசினார். "சோத்துக்குத் தண்ணி ஊத்துனதுக்கா இத்தனை சத்தம்? செரி, நான் இன்னொரு நாளைக்கு வர்றனுங்க" என்றார். திரும்பிப் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதை நீயே எடுத்துக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு நீ என்ன செய்தாய்? பின்கதவு வழியாகத் தொட்டிக்குப் போய்விட்டாய். அங்கிருந்தவர்களில் ரோசாவுக்கும் எங்களுக்கும் நடுவே பேச்சுத் தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாள்.

ரோசா அழவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சோற்றைக் காட்டினாள், முந்தானையைக் காட்டினாள், இரண்டு கையாலும் ஒத்துவது போலக் காட்டினாள். துணி கேட்கிறாள் என்று புரிந்தது. கடைத் துண்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அண்ணன் வாசல்படியைத் தாண்டிவிட்டார். நான் உரக்கவே கூப்பிட்டேன். "அண்ணா, வெளுத்து வந்த துணி ஒரு கஜம் குடுத்துப்போட்டுப் போங்க" என்றேன். மருமகன்மேல் கோபம் இருக்கலாம், ஆனால் தங்கை வாய்விட்டுக் கேட்ட துணியைக் கொடுக்காமல் அவரால் போக முடியாது. கம்பெனிக்குள் போய், வெளுப்புப் பட்டறையிலிருந்து வந்த துணியில், இன்னும் தையலுக்குப் போகாதது, குழாய் மாதிரி பின்னி வருமே அந்தப் பனியன் துணியில், நல்ல நீளமாகவே வெட்டிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் சோற்றை வடித்து, துணியை மேசைமேல் விரித்து, அதன்மேல் பரப்பினோம். ரோசா துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இறுக்கி முறுக்கப் பார்த்தாள். அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"அதை இழுக்காதீங்க அம்மிணி, இழுத்தா அது நீளுமே ஒழிய ஈரம் குடிக்காது. ஒத்தி எடுக்கோணும்" என்றார். அவளுக்கு என்ன புரிந்ததோ, கையை எடுத்துவிட்டு அவருக்கு இடம் விட்டாள். அவர் வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, துணியின் பாதியை மடித்துச் சோற்றுக்கு மேலே போட்டு, உள்ளங்கையால் மெதுவாக ஒத்திக் காட்டினார். பனியனில் எண்ணெய்க் கறை எடுக்கிற மாதிரி அவ்வளவு பக்குவம். "ஒத்தோணுமுங்க" என்றாள் ரோசா. "ஆமா, அப்படித்தான்" என்றார். மின்விசிறியின் கீழே மேசையை நகர்த்திப் போட்டோம். உட்கார்ந்திருந்தவர்கள் பசியை மறந்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். ஆனால் துணி கொடுப்பது வேறு, வாங்கிச் சாப்பிடுவது வேறு.

பூண்டை நசுக்கி எண்ணெயில் சிவக்க விட்டு, சோற்றைப் போட்டு, உப்புத் தூவிக் கிளறினாள். பாதிச் சோறு உடைந்துதான் போயிருந்தது, அவள் அப்பா பார்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். முட்டையைத் தனியாகப் பொரித்து மேலே வைத்து, இலை போட்டு, அண்ணன் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள். அண்ணன் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தார். "பூண்டு சாஸ்தியா இருக்குதுங்க" என்றார். நானாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், நீயாக இருந்தால் தொட்டிக்குப் போயிருப்பாய். அவள் அங்கேயே நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "வேற என்னங்க வேணும்?" என்று, கடையில் கேட்டுப் பழகிய பேச்சிலேயே கேட்டாள்.

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஊருக்கு வந்து இத்தனை நாளில் அவர் அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "மோர் இருக்குதுங்களா?" என்றார். அவளுக்கு மோர் என்ற வார்த்தை தெரியும், கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொம்போடு வாங்கி, அந்தச் சோற்றின்மேல் அப்படியே ஊற்றினார். அரைமணி நேரம் துணியில் ஒத்தி, விசிறியில் காயவைத்து, எண்ணெயில் வறுத்த சோற்றை, முட்டையோடு சேர்த்து மோரில் கரைத்துப் பிசைந்தார். நான் ரோசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் ஒரு தரம் பெரிதாயிற்று. அப்புறம் அவள் வேலையைச் செய்தாள். அவர் பிசைகிற வேகத்தைப் பார்த்து, மோர் தீரத் தீரக் கேட்காமலே ஊற்றினாள். பூண்டை மட்டும் பொறுக்கி இலை ஓரத்தில் குவித்துவிட்டு, சோறு முழுவதையும் அண்ணன் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் நீ உள்ளே வந்தாய். இலையில் வெள்ளையாகத் தண்ணீரும் ஓரத்தில் குவிந்த பூண்டும் கிடந்ததைப் பார்த்தாய். "அவர் திங்க மாட்டார்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாய். அப்போதே நான் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ என்னைக் கேட்ட கேள்வி உள்ளே எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் உனக்கே தெரிந்தால் போ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மத்தியான ரயிலுக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய், இன்னும் சில நாள் இருக்க வேண்டியவர்கள். ரோசா ரயிலில் உன்னிடம் சொல்லியிருப்பாள், அவர் சாப்பிட்டார் என்று. அவள் சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அவள் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நின்று பார்த்தவள் சொன்னாள்.

ஆக, உன் பழைய கேள்விக்குப் பதில்: வேண்டுமென்றே ஊற்றவில்லை. இதை நான் இனி இன்னொரு தரம் சொல்ல மாட்டேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை என்னுடையது, அது உனக்கும் கஞ்சி ஊற்றிய கைதான். கேட்டதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இன்னும் முழுசாக முடியவில்லை. உன் கடிதத்தைப் பார்த்த வியாழக்கிழமை கோபம் பாதி போயிற்று, இதை எழுதும்போது இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது.

புதுக் கேள்விக்குப் பதில் இதுதான். புது வருஷத்துக்குள் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அந்த நாட்களில் அடுப்படிக்குப் போகாதே, கல்லாவில் உட்காராதே. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேசைப் பக்கம் நின்று பரிமாறு. நீ கொண்டுவந்து வைப்பதை ஒருத்தர் பாகு ஊற்றிக் கெடுப்பார், ஒருத்தர் முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை விடுவார், ஒருத்தர் ரோசாவின் அப்பா வைத்த மாதிரி இல்லை என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டே வருவார். அவன் தட்டு அவனுடையது. நாம் உலர்த்திக் கொடுப்பதை அவன் கரைத்துத்தான் தின்பான் என்றால் கரைக்கட்டும். யாராவது தட்டைத் தள்ளிவைத்தால், வேறு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அங்கேயே நில். பின்கதவு ஞாபகம் வரும், வரட்டும். வந்தும் நின்றாய் என்றால் கையெழுத்துப் போடு, நானும் உன் அப்பாவும் சந்தோஷமாகச் சரி என்கிறோம். போய்விட்டாய் என்றால் வேலையை விடாதே. ரோசா கடையைப் பார்க்கட்டும், நீ மிஷினைப் பார். அதிலும் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவளைத் தனியாகக் கடையில் நிற்க வைத்துவிட்டு நீ தொட்டியில் போய் உட்காருகிற வாழ்க்கை மட்டும் வேண்டாம். அதை ஒரு நாள் பார்த்ததே எனக்குப் போதும்.

உன் மாமா அதற்கப்புறம் கடைக்கு வரவே இல்லை. போன வாரம்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அம்மிணி, அந்தப் பூண்டுச் சோறு இனிமே கிடையாதா?" என்று கேட்டார். "அதைச் செய்யறவ அமெரிக்காவுல இருக்கறா, போய்ச் சாப்பிட்டுப்போட்டு வாங்க" என்றேன். சிரிக்கவில்லை. இன்று காலையில் ஆள் வந்து ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தால், வெளுத்த பனியன் துணி, வெட்டாமல் அப்படியே ஒரு சுருள். ரோசாவின் கடைக்கு அனுப்பச் சொன்னாராம். ஒத்தித்தான் எடுக்கோணும், இழுக்கக் கூடாது என்று எழுதச் சொன்னாராம். உன் பெயரைச் சொல்லவில்லை. விருந்துக்கு அழைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு நான் நடுவில் நின்று பேசப்போவதில்லை. நீ வந்து, அவர் முன்னால் நீயே இலை போட்டு, அவர் என்ன செய்தாலும் நின்று பார்க்க வேண்டியது அது.

நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன் என்று ஆரம்பத்தில் எழுதினேன். நீங்கள் இரண்டு பேரும் நலமா, கண்ணு? குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், ரோசாவின் அப்பாவுக்கு முட்டியில் எண்ணெய் தேய்த்து விடுங்கள். வரும்போது சனிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுங்கள். வருகிறோம் என்று ஒரு வரி போட்டால் போதும், அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் அடுக்களைக்குள் போக மாட்டேன். சோற்றை மூடிவைக்கிற வேலை உன்னுடையது.